கருக் குருத்தணுவுக்குள் ஒரு வலை

சென்ற கல்வியாண்டின் நடுவில் ஒரு மாலை. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு, ஆய்வக வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனின் தாய். அந்தப் பையனை எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வகுப்பில் ஓடி விளையாடியவன். பிறகு படி ஏறத் தடுமாறினான். தரையில் உட்கார்ந்தால், கைகளைத் தொடையில் ஊன்றித் தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல் எழுந்தான். இப்போது சக்கர நாற்காலியில் வருகிறான். டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று மருத்துவர்கள் உறுதி செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் கையில் மடித்த துண்டறிக்கை ஒன்று இருந்தது. வெளியூரில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்துடையது. "டீச்சர், இதுல ஸ்டெம்செல் ஊசின்னு போட்டிருக்காங்க. அதப் போட்டா தசை திரும்ப வளந்துடுமாம். பாகூர் பக்கம் எங்க வீட்டுக்காரர் பேர்ல ஐம்பது குழி இருக்கு. குடுத்துடலாமான்னு பாக்கறோம். நீங்க சயின்ஸ் டீச்சர், நீங்க சொன்னா கேட்டுக்கறோம்" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. "குருத்தணு என்பது எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறன் உடையது" என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்தான் நான். எப்படி மாறுகிறது, எப்போது மாறாது என்று நானே கேட்டுக்கொண்டதில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா. அதுவரைக்கும் யாருக்கும் முன்பணம் குடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒரு வாரம் பல வாரங்களாக நீண்டது. அப்போது படித்தவற்றில் நம் வகுப்பறைக்கு உதவக்கூடியதை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. தேடல் குருத்தணுவில் தொடங்கியது. போய் நின்ற இடம், செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற ஒரு புரத இழை.

நம் படத்தில் விடுபட்டது

செல் பாடம் நடத்தும்போது நாம் என்ன வரைகிறோம்? ஒரு வட்டம், நடுவில் உட்கரு, ஓரத்தில் அவரை விதை போல இரண்டு மைட்டோகாண்ட்ரியா. மீதி வெற்றிடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு "சைட்டோபிளாசம்" என்று எழுதுகிறோம். இதைப் பார்க்கும் பிள்ளைகள் செல் என்பது தண்ணீர் நிரப்பிய பை என்றே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். நானும் "ஜெல்லி நிரப்பிய பை" என்று சொல்லித்தான் நடத்தியிருக்கிறேன்.

ஜெல்லிப் பையாக இருந்தால், முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நோக்கி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு நரம்புச் செல் எப்படி நீண்டு நிற்கும்? வெள்ளையணு இரத்தக்குழாயின் சுவரில் உள்ள இடுக்கு வழியே எப்படி நுழைந்து வெளியேறும்? செல்லுக்குள் ஒரு சட்டகம் இருப்பதால்தான் இவையெல்லாம் முடிகின்றன. பதினோராம் வகுப்பில் ஒரு பத்தியில் அதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்தச் சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. ஏறத்தாழ 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள், 10 நானோமீட்டர் அளவிலான இடைநிலை இழைகள், 7 நானோமீட்டர் அளவிலான ஆக்டின் இழைகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஓர் ஆக்டின் இழை.

ஆக்டினை 1942இல் ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில், சென்ட் ஜியார்ஜியின் ஆய்வகத்தில் பணியாற்றிய புரூனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். முதலில் அது தசைக்கே உரியது என்று கருதப்பட்டது. தாவரம், பூஞ்சை, விலங்கு என எல்லா யூகேரியோட்டிக் செல்களிலும் அது இருப்பது பின்னால் தெரிந்தது. தசை அல்லாத செல்களிலேயே மொத்தப் புரத எடையில் 1 முதல் 5 விழுக்காடு வரை ஆக்டின்தான்.

ஓர் ஆக்டின் மூலக்கூறில் 375 அமினோ அமிலங்கள். தனித்தனியாக இருக்கும்போது அது ஓர் உருண்டை. உருண்டைகள் அடுத்தடுத்துச் சேர்ந்தால் இரண்டு புரி முறுக்கிய கயிறு போன்ற இழை. பாகூர் வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை எளிதில் சொல்லலாம். ஒரு முனையில் வைக்கோல் சேர்க்கச் சேர்க்கப் பிரி நீள்கிறது. ஆக்டினில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு முனையில் உருண்டைகள் சேர்ந்துகொண்டே இருக்க, மறுமுனையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்தவை மீண்டும் முன்முனைக்கு வந்து சேரும். இதற்கு ஏ.டி.பி. ஆற்றல் செலவாகிறது. வீட்டின் தூண்போல ஒருமுறை நட்டுவிட்டு மறந்துவிடும் சட்டகம் அல்ல இது. நொடிக்கு நொடி கட்டிப் பிரித்து, மறுபடி கட்டப்படுவது.

தேர் வடமும் மீன் வலையும்

ஒரே கயிற்றைக் கொண்டு தேரும் இழுக்கலாம், வலையும் பின்னலாம். ஆக்டினும் அப்படித்தான். எந்தச் செல்லில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வளர்ச்சி முடிந்த ஒரு செல்லைப் பார்ப்போம். நம் தோலுக்கு அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்ச்செல்கள் உள்ளன. அவற்றைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஃபல்லாய்டின் என்ற பொருளால் சாயமேற்றிப் பார்ப்பார்கள். ஃபல்லாய்டின் ஒரு நச்சுக்காளானிலிருந்து கிடைப்பது. ஆக்டின் இழையை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஒளிரும் சாயம் ஒன்றை அதனுடன் இணைத்துவிட்டால் இருட்டில் இழைகள் மின்னும். ஃபைப்ரோபிளாஸ்டில் அப்போது தெரிவது, செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இணையாக ஓடும் தடித்த வடங்கள். பல ஆக்டின் இழைகள் கட்டாகச் சேர்ந்தவை. இடையிடையே மயோசின் என்ற புரதம் நின்று அவற்றை இழுக்கிறது. வடத்தின் முனைகள், செல் தரையைப் பற்றியிருக்கும் இடங்களில் பிணைக்கப்பட்டிருக்கும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வடத்தைப் பிடித்த அத்தனை பேரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள். வடம் விறைத்து நிற்கிறது. அதே கூட்டம் தேர் நிலைக்கு வந்த பிறகு கடைத்தெருவில் நான்கு திசையிலும் அலைகிறது. ஆட்கள் அவர்கள்தான், அமைப்பு வேறு.

இப்போது கருக் குருத்தணுவுக்கு வருவோம். கருவுற்ற முட்டை பலமுறை பிரிந்து, மனிதரில் ஐந்தாறு நாளில் கருக்கோளம் என்ற நிலையை அடைகிறது. உள்ளே ஒரு சிறு செல் தொகுப்பு ஒட்டியிருக்கும். உடலின் எல்லா உறுப்புகளும் அதிலிருந்துதான் வரப்போகின்றன. அந்தத் தொகுப்பை எடுத்துத் தட்டில் வளர்த்தால் கிடைப்பவையே கருக் குருத்தணுக்கள். 1981இல் மார்ட்டின் இவான்ஸ், மாத்யூ காஃப்மன் இருவரும், தனியாக கெய்ல் மார்ட்டினும் எலியிலிருந்து இவற்றைப் பெற்றனர். 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து பெற்றது. நம் பக்கத்து மாநிலத்தில், பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு, கருத்தரிப்புக்குப் பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து இரண்டு மனிதக் குருத்தணு வழிகளை உருவாக்கி 2009இல் அறிவித்தது.

எலியின் கருக் குருத்தணுவை மேலே சொன்னதுபோலச் சாயமேற்றிப் பார்த்தால், தடித்த வடங்களைக் காண்பது அரிது. செல்கள் உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி மேடுபோல் குவிந்திருக்கும். ஆக்டின் பெரும்பாலும் செல்சவ்வுக்கு உடனடிக் கீழே மெல்லிய அடுக்காக இருக்கும். சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. அதனால் அந்த அடுக்குக்குள் என்ன அமைப்பு என்பது பல காலம் தெரியாமல் இருந்தது. 2014இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மீநுண் ஒளி நுண்ணோக்கி முறைகள் வந்த பிறகுதான் அது கண்ணுக்குப் புலப்பட்டது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் செல் இயங்கியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் இதன் விவரத்தை வெளியிட்டனர். அவர்கள் கண்டது ஓர் அடர்த்தி குறைந்த வலை. இழைகள் எந்த ஒரு திசையிலும் சாயாமல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவியிருக்கின்றன. வீராம்பட்டினம் கடற்கரையில் உலர்த்தப் போட்ட மீன்வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வலையைப் பின்னுவதில் மூன்று வேலையாட்கள் முக்கியம். ஏ.ஆர்.பி. 2/3 என்ற புரதக் கூட்டமைப்பு இருக்கும் இழையின் மீது ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் புதுக் கிளை வைக்கிறது. ஃபார்மின் இழையைக் கிளையின்றி நேராக நீட்டுகிறது. மூடிப் புரதம் முனையை அடைத்து, போதும் என்று வளர்ச்சியை நிறுத்துகிறது. தேர் வடத்தில் முதன்மையாக இருந்த மயோசினுக்கு இந்த வலையை அமைப்பதில் பெரிய பங்கு இல்லை. வலை இருக்கிறது, இழுப்பவர் இல்லை.

இளகியிருப்பதால் என்ன பயன்?

இழுப்பு இல்லாத வலை என்றால் செல் இளகியிருக்கும். எலியின் கருக் குருத்தணு, அதிலிருந்தே மாறி வளர்ந்த செல்லைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மென்மையானது என்று 2010இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். செல்லின் மேல் ஒட்டிய மிகச் சிறு காந்த மணியை அசைத்து, செல்லை மெல்ல இழுத்துப் பார்த்தார்கள். குருத்தணு அந்தச் சிறு இழுப்புக்கே விரிந்து பரவியது. குருத்தணு நிலையைக் காக்கும் ஒரு முக்கிய மரபணுவின் செயல்பாடும் அதில் குறைந்தது. ஏற்கனவே மாறி இறுகிய செல்லோ அதே இழுப்புக்கு அசைந்து கொடுக்கவில்லை.

இந்த இளக்கம் வெறும் அடையாளமா, காரணமா? காய்ச்சலில் உடல் சுடுவது அடையாளம், கிருமி காரணம். அதுபோல் இங்கும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021இல் ஐரோப்பாவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் சோதித்தன. குருத்தணுவில் ஆக்டின் வலையும் செல்சவ்வும் நன்றாக ஒட்டியிருக்கின்றன. செல் வேறு வகையாக மாறத் தொடங்கும்போது இந்த ஒட்டு தளர்கிறது. ஆய்வாளர்கள் அந்த ஒட்டு தளராதபடி செயற்கையாகப் பிடித்துவைத்தார்கள். மாறச் சொல்லும் வேதிக் குறிப்புகள் எல்லாம் கிடைத்தும், செல்கள் சரியாக மாறவில்லை. ஆக, வலையும் சவ்வும் பிணைந்திருக்கும் விதம் மாற்றத்துக்கு ஒரு கதவு. வேதிக் குறிப்பு மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும்.

உட்கருவிலும் இதன் எதிரொலி உண்டு. சிங்கப்பூர், பெங்களூரு, சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எலிக் கருக் குருத்தணுவின் உட்கரு ஓரிடத்தில் நில்லாமல் விரிந்து சுருங்கிக்கொண்டே இருப்பதை அளந்தார்கள். வளர்ந்த ஃபைப்ரோபிளாஸ்டில் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடுகிறது. எந்த மரபணு திறக்கும், எது மூடும் என்று முடிவாகாத நிலையில் உட்கருவும் இளகியே இருக்கிறது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை பெரும்பாலும் எலிச் செல்லில் கண்டவை. மனிதக் கருக் குருத்தணு தட்டில் சற்று முதிர்ந்த நிலையில் வளர்கிறது. அது குவியாமல் தட்டையான கூட்டமாகப் பரவும். 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வாளர்கள் காட்டியபடி, அந்தக் கூட்டத்தின் விளிம்பைச் சுற்றித் தடித்த ஆக்டின் கட்டுகள் வேலிபோல் ஓடுகின்றன. வயலின் உள்ளே சேறு இளகியிருக்க, சுற்றிலும் வரப்பு கெட்டியாக இருப்பது போல. அந்தக் கூட்டத்தைக் கலைத்து மனிதக் குருத்தணுவைத் தனியே பிரித்தால், ஆக்டினும் மயோசினும் கட்டுப்பாடின்றி இழுக்கத் தொடங்கும். செல்சவ்வில் கொப்புளங்கள் எழும். பெரும்பாலான செல்கள் மடிந்துவிடும். அந்த இழுப்பைத் தணிக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்தால் அவை பிழைக்கின்றன என்று 2007இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டது. இன்று மனிதக் குருத்தணு வளர்க்கும் ஆய்வகங்களில் இது வழக்கமான நடைமுறை.

செல் தன் தரையைத் தொட்டுப் பார்க்கிறது

ஆக்டின் வடங்களின் முனைகள் தரையைப் பற்றியிருக்கின்றன என்று சொன்னேன். இழுத்துப் பார்ப்பதன் மூலம் தரை கெட்டியா, மென்மையா என்பதைச் செல் அறிகிறது. சேற்றில் கால் வைப்பவர் முதலில் அழுத்திப் பார்ப்பதைப் போல.

2006இல் ஆடம் எங்லர், நம் நாட்டின் ஷமிக் சென் உள்ளிட்டோர் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற சோதனை செய்தார்கள். அவர்கள் எடுத்தது வளர்ந்த மனிதரின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணு. மூளைத் திசு அளவு மென்மையான, அதாவது 1 கிலோபாஸ்கல் அல்லது அதற்குக் குறைவான கெட்டித்தன்மையுள்ள கூழ்த்தளத்தில் வைத்தபோது அது நரம்புச் செல்லின் சாயலைப் பெற்றது. தசை அளவான 8 முதல் 17 கிலோபாஸ்கல் தளத்தில் தசைச் செல்லின் சாயல். 25 முதல் 40 கிலோபாஸ்கல் தளத்தில் எலும்புச் செல்லின் சாயல். ஊட்டக் கரைசல் ஒன்றேதான். மயோசினின் இழுப்பைத் தடுத்தபோது இந்த வேறுபாடு மறைந்தது.

2010இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளாவ் குழு, தசைக்கே உரிய குருத்தணுவை 12 கிலோபாஸ்கல் கூழ்த்தளத்தில் வளர்த்தது. அது தசையின் இயல்பான மென்மை. அதில் வளர்ந்த செல்கள் எலியின் தசைக்குள் செலுத்தியபோது நன்றாகப் பங்கெடுத்தன. கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்தவை அந்தத் திறனைப் பெரிதும் இழந்தன.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அந்த அம்மாவின் துண்டறிக்கை நினைவுக்கு வந்தது.

துண்டறிக்கைக்கு விடை

டுஷேன் நோயும் ஆக்டின் சார்ந்த நோய்தான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தசை நாரின் உள்ளே ஆக்டின் இருக்கிறது. சவ்வுக்கு வெளியே தாங்கு திசு இருக்கிறது. டிஸ்ட்ரோஃபின் என்ற நீண்ட புரதம் ஒரு முனையால் ஆக்டினைப் பற்றி, மறுமுனைப் பக்கம் சவ்விலுள்ள புரதக் கூட்டத்தைப் பற்றுகிறது. மாட்டையும் வண்டியையும் பிணைக்கும் பூட்டாங்கயிறு போல. 1987இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதனால்தான் இந்நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாவிட்டால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சவ்வு கிழிபடும். உடல் பழுது பார்த்துப் பார்த்துத் தளர்ந்துபோகும். தசை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் படியும். அந்த இடம் கெட்டியாகிவிடும்.

இப்போது துண்டறிக்கையின் வாக்குறுதியைப் பார்ப்போம். குருத்தணுவை ஊசியில் ஏற்றிவிட்டால் அது தசையாகிவிடும் என்கிறது. எங்கே போய் உட்காரும்? கெட்டிப்பட்டுப் போன தரையில். அந்தத் தரை செல்லிடம் "நீ தசை ஆகு" என்று சொல்வதில்லை. நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த செல் என்றால், டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் பழுது அதிலும் இருக்கும். மாறாத கருக் குருத்தணுவை அப்படியே செலுத்தினால், அது டெரட்டோமா என்ற கட்டியாக வளரக்கூடும். எதுவாகவும் மாறும் திறன் என்பது, கட்டியாக மாறும் திறனையும் சேர்த்ததுதான்.

சட்ட நிலையும் தெளிவாக உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெறும் எலும்பு மஜ்ஜை மாற்றம் அந்த வகை. பிற நோய்களுக்குக் குருத்தணுவைப் பயன்படுத்துவது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால், பங்கேற்கும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஆக, "குருத்தணு ஊசி, இத்தனை இலட்சம்" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வரியே நமக்குப் போதுமான எச்சரிக்கை.

அந்த அம்மாவும் பையனின் அப்பாவும் வந்தபோது, ஒரு வெங்காய வலைப்பையையும் ஒரு துண்டுக் கயிற்றையும் மேசையில் வைத்து இவ்வளவையும் சொன்னேன். அப்பா கடைசிவரை பேசவில்லை. "அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதா டீச்சர்?" என்று அம்மாதான் கேட்டார். அதற்கான விடையையும் தேடி வைத்திருந்தேன். ஸ்டீராய்டு மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கும். முறையான இயன்முறைப் பயிற்சி மூட்டு இறுகுவதைத் தள்ளிப்போடும். இதயத்தையும் மூச்சையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். மரபணுவைச் சரிசெய்யும் ஆய்வுகள் உலகில் நடக்கின்றன. அவற்றைப் பற்றி ஜிப்மர் மருத்துவமனை போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள், துண்டறிக்கையிடம் கேட்காதீர்கள் என்றேன். நான் மருத்துவர் இல்லை என்பதையும் சொன்னேன்.

வகுப்பறையில் எப்படிக் கொண்டுசெல்லலாம்?

நான் செய்து பார்த்த மூன்று செயல்பாடுகளைத் தருகிறேன். செலவு ஏறக்குறைய இல்லை.

ஒன்று, மைதானத்தில் ஆக்டின். இருபது மாணவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நிற்கட்டும். விசில் அடிக்கும்போதெல்லாம் கடைசி ஆள் கழன்று ஓடி முன்னால் சேர வேண்டும். வரிசையின் நீளம் மாறாது, ஆனால் வரிசை முன்னேறும். "யாரும் அடி எடுத்து வைக்காமலே வரிசை எப்படி நகர்ந்தது?" என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் விடை சொல்கிறார்கள்.

இரண்டு, வலையும் வடமும். பாதி காற்று ஊதிய பலூனை வெங்காய வலைப்பைக்குள் போட்டு விரலால் அழுத்தச் சொல்லுங்கள். அதே பலூனைக் கயிற்றால் நீளவாக்கில் இறுக்கிக் கட்டி மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். எது எளிதில் உருமாறுகிறது? எது கருக் குருத்தணு, எது ஃபைப்ரோபிளாஸ்ட்? உயர்நிலை வகுப்பில் இதைக் கொண்டே விசை, அழுத்தம், பாஸ்கல் அலகு ஆகியவற்றையும் நடத்திவிடலாம்.

மூன்று, உவமையின் பிழையைக் கண்டுபிடிப்பது. குருத்தணுவைப் பச்சைக் களிமண்ணுக்கும், மாறிய செல்லைச் சுட்ட பொம்மைக்கும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலையைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். பிறகு "இந்த ஒப்புமை எங்கே தவறுகிறது?" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, "களிமண்ண நாம புடிக்கறோம் டீச்சர், செல்லு தன்னத்தானே புடிச்சுக்குது" என்றாள். இன்னொருவன், "சுட்ட மண்ணு திரும்பப் பச்ச மண்ணு ஆகாதே, செல்லு ஆகுமா?" என்று கேட்டான். ஆகும் என்று 2006இல் ஜப்பானின் யமனாகா காட்டியதை அன்று நடத்தினேன். நான்கு காரணிகளைச் செலுத்தி எலியின் வளர்ந்த ஃபைப்ரோபிளாஸ்டைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார் அவர். 2012இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. பாடநூல் வரிசையை நான் தேடிப் போகவில்லை, கேள்வியே அங்கே கொண்டுபோனது.

செல் படம் வரையும்போது இப்போது ஒரு சிறு மாற்றம் செய்கிறேன். செல்சவ்வுக்கு உட்பக்கமாக மெல்லிய குறுக்குக் கோடுகளால் ஒரு வலை போடச் சொல்கிறேன். தேர்வுக்கு அது தேவையில்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் சைட்டோபிளாசம் வெற்றிடம் இல்லை என்பது கையோடு பதிந்துவிடுகிறது.

நிலத்தை அவர்கள் விற்கவில்லை. பையன் இப்போது ஏழாம் வகுப்பு. வலை போட்ட செல் படத்தை அவனும் வரைந்திருக்கிறான். கை சோர்வதால் கோடுகள் கொஞ்சம் வளைந்திருந்தன. "டீச்சர், என் தசையில பூட்டாங்கயிறு எங்க வரும்?" என்று கேட்டான். நோட்டில் ஆக்டினுக்கும் சவ்வுக்கும் நடுவில் விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் அவன் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான்.